அப்ப மாவு ஒட்டிய கை

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்து கோணல்மாணலாக வரும், பல விசயம் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்க முடியாமல் போன பிறகு, டவுனில் ஒரு லேப்பில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு மிஸ், ஆபரேசனில் வெட்டிய நகமளவு மனிதத் தோலில் இருந்து கலங்களை வளர்த்தார். கலம் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் என்று சொன்னார். நாலு போத்தலில் சிவப்புத் தண்ணீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைப்பார். இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுவார்.

"என்னா மிஸ் இது, பால் ஊத்தாத பிளேன்டி மாதிரி?"

"பிள்ளைங்களுக்குச் சாப்பாடும்மா. ஒங்களுக்கும் ஒரு கப் ஊத்தவா?"

தோலுக்குரியவர் பிறகு இறந்துவிட்டார். இன்னொரு துண்டு கிடைக்காது. கலங்கள் கொஞ்சம் பெருகியதும் கெடாமல் ஐஸில் எடுத்து வைக்கலாம் என்று மிஸ் காத்திருந்தார். அவருடைய படிப்பே அந்தப் போத்தல்களை நம்பித்தான்.

நான் விடிகாலையில் அப்பம் சுட்டுக் கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவவில்லை. நகத்தடியில் மாவு காய்ந்திருந்தது. பெட்டிக்குள் ஈரத்துக்காக ஒரு தட்டில் தண்ணீர் இருக்கும். அதை மாற்றுவது என் வேலை. கிளவுஸ் முடிந்திருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையால் மாற்றினேன்.

மூன்றாம் நாள் நாலு போத்தலும் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தன. லேப்பைப் பொறுப்பாகப் பார்க்கும் சேர் வந்து பார்த்துவிட்டு, ஈஸ்ட் விழுந்திருக்கிறது, உன் கைதான் காரணம் என்று மிஸ்ஸைச் சிங்களத்தில் ஏசினார். எனக்கும் விளங்கியது.

சேர் போன பிறகு மிஸ் என்னிடம், "அப்பத்துக்குப் போடுவீங்களே, அதே சாமான்தாம்மா. எங்கருந்து வந்துச்சின்னே தெரியல்ல," என்றார்.

கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மிஸ் படிப்பை விட்டுப் போனார். கொஞ்ச நாளில் நானும் நின்றுவிட்டேன்.

நகத்து மாவு தட்டுத் தண்ணீரில் கலந்து, மூடி போட்ட போத்தலுக்குள் ஏறுமா? ஏறும் என்றால், அது மிஸ்ஸின் கை இல்லை என்று சேரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறேன், நாலாகவும் இருக்கலாம். இந்த வேலை தெரிந்த யாராவது நான் எழுதியதைச் சரி பார்த்துச் சொல்லுங்கள்.