கால்வாய்க் கரையில் ஒரு கந்தோர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். என் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி; ஒப்பம் வைப்பதற்கு மேல் எழுத்து என்னிடம் நிற்கவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல இந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு இதை எழுதுபவள் பேத்தி வதனி. இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், ஊரெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில், என் மருமகன் கந்தோருக்கு வெளிக்கிடுகிறார். "அம்மம்மா, ஒபீஸ் எண்டு சொல்லுங்கோ. கந்தோர் எண்டால் இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காது" என்பாள் வதனி. ஊருக்குப் போகும் கடிதங்களிலும் மருமகன் கந்தோரில் வேலை என்றுதான் எழுதுவித்தேன். பொய்யில்லை. அங்கே நிலம் துடைக்கிறார் என்பதை மட்டும் எழுதச் சொல்லவில்லை.

அந்தச் சொல் விளங்கிய ஓர் ஊருக்குப் போய் வந்ததைத்தான் சொல்ல வந்தேன். போன ஐப்பசியில் ஜெர்மனியில் என் கடைசி மகனுக்குக் கலியாணம். வழியில் ஒல்லாந்தில், டச்சுக்காரர் நாட்டில், விமானம் மாறவேண்டும். இடையில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. வதனியின் தாய், என் மகள் கமலா, பழைய நகரத்தை நடந்தபடி சுற்றிக் காட்டும் கூட்டமொன்றில் எனக்கும் வதனிக்கும் தனக்கும் பெயர் கொடுத்திருந்தாள். "அம்மா, அங்கை எங்கட ஆக்களைக் கண்டால் கதையாதேங்கோ. ஆர் விசா இல்லாமல் நிக்கினமோ தெரியாது, பொலிஸ் எங்களையும் பிடிச்சு விசாரிக்கும்" என்று விமானத்திலேயே சொல்லிவைத்தாள்.

சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு நெட்டைப் பெண் முன்னால் நடந்தாள். பன்னிரண்டு பேர் பின்னால் போனோம். தூறல். தெருவுக்குத் தெரு தண்ணீர். வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒடுங்கி நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கொளுக்கி. "உதென்ன, ஆளைத் தூக்கவோ?" என்று கேட்டேன். வதனி சிரித்துவிட்டுக் கேட்டுச் சொன்னாள்: படி ஒடுக்கமாம், கட்டில் அலுமாரியைக் கயிற்றில் கட்டி யன்னலால் ஏற்றுவார்களாம். எங்கள் யாழ்ப்பாணத்தில் அவ்வளவு பெரிய கோட்டை கட்டிய இந்த உலாந்தாக்காரன், சொந்த ஊரில் அலுமாரி ஏறாத வீட்டிலா இருந்தான்!

ஒரு பெரிய கதவின் முன் அந்தப் பெண் நின்றாள். கதவில் இருந்த எழுத்தைத் தொட்டு, வாயால் சொல்லியும் காட்டி, இதன் பொருள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். எல்லோரும் கதவை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு அது எங்கள் சொல்லாகவே கேட்டது.

"கந்தோர்தானே! உதுவும் ஒரு கேள்வியே!" என்றேன் சத்தமாக. "ஒபீஸ்!"

அவள் குடையைத் தாழ்த்திவிட்டு, "ஓ, டச்சு படிக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நோ, நோ. மை வேர்ட்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்துத் தெரியாத நான், அத்தனை படித்தவர்களுக்கு நடுவில், புதுக் கோட்டுடன் நிமிர்ந்து நின்றேன்.

பக்கத்து வீட்டு யன்னலைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். நாற்பது வயதிருக்கும், காதோரம் நரை. வாளியைக் கையில் தூக்கியபடியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கந்தோரோ! அம்மா, நானும் கந்தோர்க்காரன்தான். யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அரசாங்கக் கந்தோரிலை, கிளாக்கராய் இருந்தனான். நீங்கள் ஊரிலை எவடம்?"

"நோ. கனடா" என்றேன்.

மகளில் பழி போடமாட்டேன். அவள் அப்போது முன்னால் போய்விட்டாள். பொலிஸ்காரர் ஒருவரையும் காணவில்லை. எனக்குக் கைதட்டியவர்கள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளி தூக்கியவரின் ஊராளாக அவர்கள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அவர் சிரிப்பை மெல்ல மடித்து வைத்துக்கொண்டார். நான் திரும்பி நடக்க, "கல்லு வழுக்கும், பாத்து நடவுங்கோ அம்மா" என்றார். என் கை தன்பாட்டில் சேலையைத் தூக்கிப் பிடித்தது. கால் அளந்து வைத்தது. எனக்குத் தமிழ் விளங்கியதை அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்.

என் மனிசன் செத்த வருடம் பென்சன் விஷயமாக நானும் கச்சேரிக்கு அலைந்தவள். படிவத்தை வைத்துக்கொண்டு நின்ற என்னை ஒரு கிளாக்கர் கண்டார். எழுத்துத் தெரியுமா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. "அம்மா, வெயிலிலை வந்தனீங்கள், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு, தானே நிரப்பி, ஒப்பமிடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். வரிசையில் நின்ற ஒருவருக்கும் என் குறை தெரியவில்லை. யன்னல் கழுவியவர் அவரல்ல. ஆனாலும் கலியாணவீட்டில் பந்தியின் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழும்பினேன்.

"அந்த மாமா தமிழ்தானே, ஏன் நோ எண்டனீங்கள்?" என்று வதனி அன்றே கேட்டாள். "வாயை மூடிக்கொண்டு வா" என்றேன். இந்தப் பத்திரிகை ஒல்லாந்துக்கும் போகிறது என்று மருமகன் சொன்னபடியால்தான், இப்போது அவளைக்கொண்டே எழுதுவிக்கிறேன்.

"அம்மம்மா, 'நோ, கனடா' எண்டதை வெட்டிவிடவோ?"

"வெட்டாதை. நான் சொன்னதுதானே. அதுக்குக் கீழை என்ரை ஊர் சுழிபுரம் எண்டு எழுது. மேற்கு எண்டும் போடு, அவர் கச்சேரியிலை இருந்தவர், இடம் தெரியும். எழுதிப்போட்டியோ? இப்ப, அவர் 'எவடம்' எண்டு கேட்ட இடத்திலையிருந்து வாசி மோனை."