கை நீட்டி வாங்கியவள்

நான் ஒரு காரைத் தானம் செய்தேன். அதன் புகை காருக்குள்ளேயே வருகிறது என்று தெரிந்துதான் செய்தேன்.

அறியாமல் நடந்த பிழை என்று எனக்காக நீங்கள் சமாதானம் தேட வேண்டாம். மொன்றியலில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் என்னை நல்லவள் என்றுதான் சொல்கிறார்கள். நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள்... இறுதிவரை வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

அது என் மகனுடைய கறுப்புக் கார். இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு எதுவும் சரிவரவில்லை. படிப்பை இடையில் விட்டான். வேலை போனது. பிறகு காரை வேகமாக ஓட்டிப் பிடிபட்டு ஓட்டுநர் உரிமமும் போனது. நாள் முழுவதும் நிலவறையில் விளக்கைப் போடாமல் படுத்துக் கிடந்தான். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு வருவேன். மாலையில் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். தாய் மனம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாய் மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வாங்க வந்தவர் புகைப் பரிசோதனை செய்து தந்தால்தான் எடுப்பேன் என்றார். கராஜுக்குக் கொண்டுபோனேன். காரை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு அங்கே வேலைசெய்த தமிழ்ப் பொடியன் உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இது பாஸ் பண்ணாது. சைலன்சர் குழாய் பின் சீற்றுக்குக் கீழ, பனிக்கு றோட்டில போடுற உப்பில உக்கிப்போச்சு. சீற்றுக்குக் கீழ தகரமும் ஓட்டை. புகை முழுக்க உள்ளுக்கு வருது."

"திருத்தலாமோ தம்பி?"

"திருத்திற காசுக்கு வேற கார் எடுக்கலாம். தொண்டு நிறுவனம் ஒண்டு இருக்கு, சொன்னால் வந்து இழுத்துக்கொண்டு போவினம். அவை நொறுக்கி இரும்பாக்கிப்போடுவினம். ஓடுறதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ. குளிருக்குள்ள யன்னலைப் பூட்டிக்கொண்டு ஓடினால் ஆள் முடிஞ்சுது."

பிரெஞ்சில் எழுதிய தாள் ஒன்றையும் தந்தான். தேறவில்லை என்று ஒரு கட்டத்தில் அடையாளம். கீழே இரண்டு வரியில் காரணம். அந்தத் தாளைக் காரின் முன்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அதே வாரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கும் சாத்திரியாருடன் தொலைபேசியில் கதைத்தேன். மகனுக்கு ஏழரைச் சனி உச்சத்தில் நிற்கிறது என்றார்.

"கறுப்பாய், இரும்பாய் ஒரு பொருளைத் தானம் குடுங்கோ பிள்ளை. ஆனால் சும்மா கொண்டுபோய் எறிஞ்சு சரிவராது. வாங்கிறவர் கை நீட்டி வாங்கவேணும். அப்பதான் உங்கட வீட்டால இறங்கி அங்க போகும்."

கறுப்பு. இரும்பு. என் வீட்டு வாசலில் நின்றது!

நொறுக்குகிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் அன்று இரவு முழுவதும் என்னையே கேட்டேன். நொறுக்கும் இயந்திரத்துக்குக் கை இல்லையே! அது நீட்டி வாங்காதே! என் மகனுடைய சனியை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மனிதக் கை வேண்டியிருந்தது.

யாருடைய கை? அதைத் தெரிவுசெய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் என் வீட்டிலேயே நான் கார்டெறி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்துகிறேன். ஒன்பது சின்னப் பிள்ளைகள். எனக்கு உதவிக்கு வருபவள் ஜெசிந்தா, மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பெண். புருஷன் இல்லை. மொன்றியல்-நோரில் இரண்டு அறை வீட்டில் பத்து வயது மகள் றொஷானியுடன் இருந்தாள். விடியற்காலையிலேயே பஸ், மெட்ரோ, மறுபடியும் பஸ் என்று ஏறி இறங்கி வருவாள். ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தாள், கார் வாங்கத்தான் காசில்லை. அவளுக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லை. வீட்டுக்கு வரும் கடிதங்கள், பள்ளிக்கூட அறிவித்தல், மூலைக்கடை டிப்பனரில் ஒட்டியிருக்கும் விளம்பரம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவள் றொஷானிதான். அந்தப் பிள்ளைக்கு எழுத்தைக் கண்டால் கண் சும்மா இருக்காது. பள்ளி விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தால் பால் பெட்டியில் உள்ளதைக்கூட உரத்து வாசிக்கும்.

ஜெசிந்தா எனக்கு என்ன செய்தாள்? ஒன்றுமே செய்யவில்லை! பிள்ளைகள் என்னைவிட்டு அவளிடம் ஓடின. அவ்வளவுதான். நான் தூக்கினால் அழுகிற குழந்தை அவள் தோளில் சாய்ந்ததும் அடங்கிவிடும். ஒருநாள் ஒரு தாய் வாசலில் நின்று, ஜெசிந்தா இன்று வரவில்லையா என்று என்னிடமே கேட்டாள். சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன். உள்ளே பற்றி எரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சனிக்கிழமையில் எள்ளும் கறுப்புத் துணியுமாக எதையாவது நீட்டினால் எந்தச் சைவப் பெண்ணும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. அவளுடைய அறியாமையையும் நான் கணக்கில் எடுத்தேன்... எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறேன், பார்த்தீர்களா?

புதிதாக வந்தவர்களுக்கு உதவும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளரிடம் சொன்னேன். திருத்திய கார் என்றேன். என் கணவரிடமும் அதையே சொன்னேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கோயிலுக்கும் சங்கத்துக்கும் உழைத்துச் சேர்த்த நல்ல பெயர் அன்று எனக்கு நன்றாக உதவியது.

கொடுப்பதற்கு முதல் நாள் காரின் முன்பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். ஜெசிந்தாவுக்காக எடுக்கவில்லை. அவள் அதை நூறு முறை பார்த்தாலும் விளங்கியிராது. றொஷானிக்காக எடுத்தேன். ஏறி உட்கார்ந்த உடனே பெட்டியைத் திறந்து வாசிக்கக்கூடிய பிள்ளை அது. அந்தத் தாள் இருந்த இடத்தில் மல்லிகை வாசம் வீசும் அட்டை ஒன்றை வைத்தேன்.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. சங்க மண்டபத்தில் ஐம்பது பேர். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். சாவியைக் கறுப்புத் துணியில் சுற்றி ஒரு சிட்டிகை எள்ளும் வைத்திருந்தேன். "எங்கட சங்கத்துக்குக் கார் குடுத்த முதல் ஆள் இவாதான்!" என்று செயலாளர் ஒலிவாங்கியில் சொன்னார். கைதட்டினார்கள்.

ஜெசிந்தா மேடைக்கு வந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். துணியை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதென்னக்கா, எள்ளு? எள்ளுருண்டைக்கு வாங்கினதா?"

"ஓம் ஓம்," என்றேன். "நல்லதுக்குத்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. றொஷானி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் நன்றி சொன்னாள். இப்போதும் வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். புகைப்படம் எடுப்பவர் எங்களைக் கிட்ட நிற்கச் சொன்னார். கிட்ட நின்றேன்.

தானம் பலித்தது! அதுதான் இதில் மிகக் கொடியது. ஒரு மாதத்தில் என் மகன் நிலவறையிலிருந்து மேலே வந்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டான். நான் குசினிக்குள் திரும்பி நின்று அழுதேன்.

அதே மாதத்தில்தான் ஜெசிந்தா சொன்னாள்.

"அக்கா, பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தலையிடிக்குதாம். காருக்குள்ள இருந்தா வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரி இருக்குதாம்."

எனக்குக் காரணம் தெரியும். அந்த நேரத்தில் அதை அறிந்தவர்கள் கராஜ் பொடியனும் நானும் மட்டுமே. அவனுக்கோ கார் நொறுங்கிவிட்டது என்ற நினைப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஓட்டாதே" என்ற ஒரு வார்த்தை! என் மகன் இரண்டாம் தரம் கேட்ட சோறு என் கண்முன் வந்தது. காரைத் திருப்பி வாங்கினால் இறங்கிப் போனது திரும்பி ஏறிவிடாதா?

"எந்த நேரமும் ஐபாட் பார்த்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்?" என்றேன். "பழக்கத்தை நிப்பாட்டு."

"ஓமக்கா," என்று தலையாட்டினாள். அன்று மாலையே பிள்ளையின் ஐபாட்டைப் பறித்து வைத்தாளாம். அந்தப் பிள்ளை என்னால் அந்தத் தண்டனையையும் அனுபவித்தது.

ஜனவரியில் பெரிய பனி கொட்டியது. மறுநாள் காலை ஜெசிந்தா காரை இயக்கி, சூட்டைப் போட்டு, றொஷானியைப் பின் இருக்கையில் இருத்திவிட்டு, சவளால் பனியை அள்ளத் தொடங்கினாள். பிள்ளை குளிரில் நிற்கக் கூடாதே என்ற அக்கறை. இருபது நிமிடத்தில் காரைச் சுற்றித் துப்புரவாக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். பிள்ளை சரிந்து கிடந்தது.

ஆம்புலன்சை அயலவர் ஒருவர் அழைத்தார். ஜெசிந்தா அழைத்தது என்னைத்தான். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வைத்தியசாலைக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், என் பதைபதைப்பில் நடிப்பு இல்லை. றொஷானி ஒட்சிசன் முகமூடிக்குள் கிடந்தாள். உதடுகள் அசாதாரணச் சிவப்பாக இருந்தன. குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பொலிஸ் பெண் நின்றாள். ஜெசிந்தாவுக்காக எப்போதும் பிரெஞ்சு பேசும் பிள்ளை அன்று பேசவில்லை. ஆகவே நான் பேசினேன்.

காரை இயக்க முன் புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றினீர்களா என்று அவள் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

"ஓம் அக்கா, முதல்ல அதைத்தான் கிளறினன். பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினன். மாதா மேல சத்தியம்!"

பொலிஸ் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் பிரெஞ்சில் சொன்னேன்: "அகற்றியதாக நினைவில்லை என்கிறார்."

இதோ, சொல்லிவிட்டேன். காரைக் கொடுத்தது என் பாவங்களில் சின்னது. அந்த ஒரு வசனம்தான் என்னுடைய உண்மையான குற்றம்.

பொலிஸ் பெண் எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. பனிக்காலத்தில் இப்படி நடப்பதுண்டு என்றாள். குழாயைப் பனி மூடியிருந்தது என்றான பிறகு காரின் அடிப்பக்கத்தைப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

"என்னவாம் அக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பனி அடைச்சதாலதான் நடந்தது எண்டு சொல்லுறா."

"நான் கிளறினனே..."

அவள் தோளில் கையை வைத்தேன். குழந்தைகள் சாய்ந்து அடங்கும் அதே தோள்.

"மறந்திருப்பாய், ஜெசிந்தா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். என் கண்ணெதிரே அவள் அதை நம்பத் தொடங்கினாள்.

மறுவாரம் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். கராஜ் பொடியன் முதல் நாளே சொன்ன அதே நிறுவனம். வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஜெசிந்தா கையெழுத்திட்டாள். சில நாட்களில் நன்றிக் கடிதம் ஒன்று அவள் பெயருக்கு வந்தது. அதை வாசித்துச் சொன்னவளும் நானே. ஏனென்றால் வாசிக்கிற பிள்ளை இப்போது வாசிப்பதில்லை.

றொஷானி பிழைத்துக்கொண்டாள். நடக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் சொற்கள் அவளிடமிருந்து நழுவுகின்றன. 'கரண்டி' என்று சொல்ல வந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுகிறாள். பள்ளி இல்லாத நாட்களில் தாயோடு என் வீட்டுக்கு வருவாள். என்னிடம் உள்ள மூன்று வயதுப் பிள்ளைகளோடு சின்ன நாற்காலியில் இருந்து படப் புத்தகம் பார்ப்பாள். எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பாள்... பிறகு பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

சனியின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று எத்தனை நாள் முயன்றிருப்பேன்! முடியவில்லை. சனி பகவான் முன்பெட்டியைத் திறந்து தாளை எடுக்கவில்லை. சனி பகவானுக்குப் பிரெஞ்சு தெரியாது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாமி அறையில், திருநீற்றுத் தட்டின் அடியில். கிழித்திருக்கலாம். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போகலாம் என்று சில காலைகளில் எழுந்திருக்கிறேன். அப்போது மேலே என் மகன் வேலைக்குப் புறப்படும் சத்தம் கேட்கும். தாளை மறுபடி தட்டுக்குக் கீழே வைத்துவிடுவேன்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முதல் நாள், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், ஜெசிந்தா என்னிடம் வந்து நின்றாள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாளாம். சாமியார் மன்னித்துவிட்டார், ஆனால் உங்களிடமும் கேட்க வேண்டும் என்றாள்.

"நீங்க மனசாரத் தந்த கார் அக்கா. நான்தான் கவனமில்லாம என்ட பிள்ளைய இப்படி ஆக்கிப் போட்டன். உங்கட தருமத்தையும் கெடுத்துப் போட்டன். என்னை மன்னிச்சிருங்க."

அவள் பின்னால் சின்ன நாற்காலியில் றொஷானி இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லியிருப்பீர்கள். காலில் விழுந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

நான், "சரி, விடு. மன்னிச்சிட்டன்," என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்... எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.