எரவல் தட்டில் வந்த படிப்பு

பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் அந்தச் சின்னக் கருவியின் 'கிர்ர்' என்ற சத்தத்தை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் கடைக்காரர் அதை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத எழுதப் பல் கூசும், பிடரி சிலிர்க்கும், ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. தர்மபுரிப் பக்கத்தில் என் சிறு வயதில் பெயர் வெட்டாத பாத்திரம் வீட்டுக்குள் நுழையாது. கல்யாணச் சீர், காதுகுத்து மொய், புது வீட்டில் பால் காய்ச்சியபோது வாங்கியது என்று எல்லாவற்றிலும் ஒரு பெயர் இருக்கும். விசேஷ நாட்களில் "எரவல்" போய்த் தெருவெல்லாம் சுற்றும் தட்டும் குடமும் அந்தப் பெயரை வைத்துத்தான் மறுபடி வீடு வந்து சேரும்.

எங்கள் வீட்டில் மட்டும் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து திரும்பிய வருடம், அம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டன. அதன் பிறகு எங்களுக்கு அலுமினியம்தான். அம்மா தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்; அப்பா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆடு மேய்த்தார்; நான் படித்தேன். கொஞ்சம் கர்வத்தோடே சொல்கிறேன், நன்றாகவே படித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் எனக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் விடுதிக்குக் கட்டவோ, நாலு வருடம் சாப்பிடவோ வழி இல்லை. இதற்கிடையில் நூற்பாலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜென்ட் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று அப்பாவின் மனதைக் கரைத்திருந்தார். வெள்ளிக்கிழமை "மில்லு வேன்" வரும் என்பது முடிவாகி, என் துணிகள் ஒரு கட்டைப் பைக்குள் போயிருந்தன. அந்தப் பை இருந்த மூலைப் பக்கமே நான் திரும்பவில்லை.

எங்கள் தலைமையாசிரியை எனக்காக ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த வாரம் அவர் கூப்பிட்டு அனுப்பி, "மார்க்கெல்லாம் அவங்களுக்குத் திருப்தி. செவ்வாக்கெழம உங்க வூட்டைப் பாக்க வர்றாங்க. பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க" என்றார். எதைப் பார்க்க வருகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே அம்மாவிடம் வந்து ஒப்பித்தேன்.

அம்மா ஒரு நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முந்தைய வருடம்தான் கறவை மாடு வாங்கக் குழுக் கடன் கேட்டிருந்தார். கடன் கொடுக்கும் நிறுவனத்து ஆள் வீட்டுக்குள் தலையை நீட்டி, "ஒரு சாமானும் இல்லையேம்மா, எத நம்பிக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பெண் பார்க்க வந்தாலும், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும், கடனுக்கு ஆள் வந்தாலும், வீடு நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். "வெறும் வூட்டைக் காமிச்சா யாரு குடுப்பா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா தெருவில் இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டில் கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா ஒரு மேசை விசிறியும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்திருந்தார். எதிர் வீட்டு மாதம்மா சித்தி மிக்சியையும் டம்ளர்களையும் இரண்டு நாற்காலிகளையும் கொடுத்தார். கோடி வீட்டு முனியம்மா பெரியம்மா சொம்போடு தன் இரும்பு பீரோவையும் கொடுக்க, அதை ஆண்கள் "ஏலேலோ" போட்டுத் தூக்கிவந்தார்கள். எங்கள் வாசல் நிலை தாழ்வு என்பதால் அது உள்ளே நுழையாமல் பாதியில் மாட்டிக்கொள்ள, கடைசியில் வாசலிலேயே காவல்காரன் மாதிரி நிறுத்திவிட்டார்கள். "இருக்கட்டும், உள்ள எடமில்லாம வெளிய வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்று ராஜம்மா அக்கா சமாதானம் சொன்னார். கோழி அடித்துக் குழம்பு கொதித்தது. பளபளவென்று அடுக்கியிருந்த எவர்சில்வரைப் பார்த்து எனக்கே நாங்கள் வசதியானவர்கள் என்ற மிதப்பு வந்துவிட்டது.

பதினோரு மணி வெயிலில் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதர்ப்புடவை, தோளில் துணிப்பை, நரைத்த தலை. வாசலில் நின்ற பீரோவைச் சுற்றிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்து ராஜம்மா அக்கா பதற்றத்தில், "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பிட்டாச்சா என்பதைக் கன்னடத்திலேயே கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுக் கூரையின் சூடு சும்மாவா? முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்களேன்" என்றார்.

அங்கேதான் எங்கள் குட்டு உடையத் தொடங்கியது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. பிளக் மாட்ட ஒரு துளைகூடச் சுவரில் கிடையாது. விசிறியும் மிக்சியும் வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தன. "கரண்ட் இல்லீங்க" என்றார் அப்பா. அவர் தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா அவசர அவசரமாகச் சோறு பரிமாறினார். சாப்பிட உட்கார்ந்த அந்த அம்மா தட்டின் விளிம்பைப் பார்த்தார், தண்ணீர் டம்ளரைப் பார்த்தார், மோர் ஊற்றிய சொம்பைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும். எங்கள் தெருவில் அம்மா உட்பட ஒருவருக்கும் அது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

"ராஜம்மாங்கறது யாருங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்திலிருந்து, "நாந்தாங்க" என்றார் ராஜம்மா அக்கா.

"மாதம்மா?"

"இங்கதாங்க இருக்கறேன்."

"முனியம்மா?"

"நானுங்க. அந்தப் பீரோவும் என்னுதுதானுங்க" என்று பெரியம்மா கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உங்க பேரு போட்டது எங்கம்மா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வேன் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பொய் சொன்ன வீடு என்று எழுதிக்கொண்டு போனால் எல்லாம் முடிந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எங்களுதுன்னு ஒன்னுமில்லீங்க. எல்லாம் எரவல். ஒன்னுமில்லாத வூடுன்னு தெரிஞ்சா நீங்களும் வண்டிய திருப்பிக்கிட்டுப் போயிருவீங்கன்னுதான் இப்படிச் செஞ்சோம். இந்த மார்க்கு மட்டும் எரவல் இல்லீங்க. அது அவளே வாங்குனது" என்றார். குரல் நடுங்கியது, ஆனால் தலை குனியவில்லை. அம்மாவை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்ட நாள் அதற்கு முன்பு இல்லை.

"ஒன்னுமில்லாத வீட்டுக்குக் கொடுக்கத்தாம்மா நான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "இல்லாதவங்களுக்குன்னே குடுக்கறீங்களா? திருப்பிக் கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டோம்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா பீரோ தூக்குன பாடு மிச்சமுங்களே" என்றார் அம்மா. தெருவே சிரித்தது, அந்த அம்மாவும் கை கழுவாமலே, சாப்பிட்ட கையோடு சிரித்தார்.

பிறகு அவர், "நான் கண்ணால பார்த்ததைத்தான் சொல்ல முடியும். அவங்கவங்க சாமானை எடுத்துக்கங்க, நான் இவங்க வீட்டைப் பார்க்கணும்" என்றார். ஒவ்வொருவராக உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். விசிறி போனது, மிக்சி போனது, நாற்காலிகள் போயின, டம்ளர்கள் போயின, பீரோ மறுபடியும் 'ஏலேலோ' என்று கிளம்பியது. "தட்டு மட்டும் கெடக்கட்டும், அவங்க தின்னு முடிக்கட்டும்" என்று ராஜம்மா அக்கா விட்டுவைத்தார். கடைசியில் ஒரு பாய், இரண்டு அலுமினியப் பானை, தீவனச் சாக்கில் என் புத்தகங்கள், மூலையில் அந்தக் கட்டைப் பை. அது என்ன பை என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். தரையில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பிரிச்சு வெச்சிரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்" என்றார். நான் பிரிக்கவில்லை, பிரித்துவிட்டு ஏமாறப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை தன் ஸ்கூட்டியில் தெரு முனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். நாலு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அம்மா நேராக வேனுக்குப் போய், "எங்க பொண்ணு காலேஜுக்குப் போறாங்க, நீங்க கெளம்புங்க" என்றார். பெற்ற மகளை அம்மா மரியாதையோடு "போறாங்க" என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். அந்தக் கட்டைப் பையையே எடுத்துக்கொண்டு நான் கல்லூரிக்குப் போனேன்.

மின்னியல்தான் எடுத்தேன். வேறு எதை எடுப்பேன்? படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் வீட்டுச் சுவரில் பிளக்குகள் வைத்தேன், தேவைக்கு மேலேயே வைத்தேன். முதல் சம்பளத்தில் அம்மாவைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன். அம்மா டம்ளர்களாகப் பார்த்து எடுத்தார். என்ன பெயர் வெட்டுவது என்று கடைக்காரர் கேட்டபோது அம்மா தன் பெயரைச் சொல்லவில்லை. "மா. சுமதி, பி.இ.ன்னு வெட்டுங்க. அந்த பி.இ. மட்டும் கொஞ்சம் ஆழமா இருக்கட்டும்" என்றார். 'கிர்ர்' என்ற அந்தச் சத்தத்தில் பல் கூசக் கூச நான் அழுதேன்.

இன்று அந்தப் பாத்திரக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். விசேஷ வீடுகளில் காகிதக் குவளையில் காப்பி தருகிறார்கள். எரவலுக்கு யாரும் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. அறக்கட்டளைகளும் பல நேரம் கைப்பேசியிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுகின்றன. விடுமுறை நாட்களில் அதே அறக்கட்டளைக்காகப் பொம்மிடி, நல்லம்பள்ளி என்று வீடு பார்க்கப் போகும் நாங்கள் சிலர் மட்டும், நேரில் போனால்தான் தெரியும் என்று பிடிவாதமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் ராஜம்மா அக்காவின் பேத்தி விண்ணப்பித்திருந்தாள். எங்கள் தெரு என்பதால் நான் ஒதுங்கிக்கொள்ள, அறக்கட்டளைக்காக என்னோடு வீடு பார்க்கப் போகும் ஒரு தம்பி போனார். மாலையில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, அந்த வீட்டில் உங்க பேரும் பி.இ.யும் போட்ட டம்ளரில்தான் மோர் கொடுத்தாங்க" என்றார்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "இல்லாத வூட்டுக்குத்தான் குடுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? மறுபடியும் எதுக்கும்மா எரவல் குடுத்த?" என்று கடிந்துகொண்டேன்.

"எல்லாம் எனக்குத் தெரியும்டி" என்றார் அம்மா. "அந்தத் தம்பிக்கு எழுத்துப் படிக்கத் தெரியுமில்ல? இந்தத் தெருவுல குடுத்தா வீணாப் போவாதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் குடுத்தேன்."

அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது. அவள் விடுதிக்குக் கிளம்பியபோது டம்ளர்களில் ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாளாம். அம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.