ராணி அக்காவின் கட்டில்

ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவில் ஆஸ்திரேலியா போகப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டுதான்: வேலை கிடைக்குமா, ரூம் கிடைக்குமா? எனக்கு இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. அதை நினைத்தால் இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐந்து வருடம் துணியில் கறை, கிழிசல் தேடும் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, இருபத்தெட்டு வயதில் சிட்னி போனேன். வெஸ்ட்மீடில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மாமியார் ஊர்லருந்து வர்றாங்க. வியாழக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க."

ரூம் பார்க்கப் போன இடங்களில் பே-ஸ்லிப் கேட்டார்கள். வேலை கேட்ட இடங்களில், "இந்த விசால ஆறு மாசம்தானே எங்ககிட்ட இருப்பீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பரமட்டா பக்கம் ஒரு லாண்டரியில் ட்ரையல். ஹோட்டல் துணிகள் வெளுக்கும் இடம். பெட்டியை வைக்க இடமில்லாததால் அதையும் இழுத்துக்கொண்டே போனேன். சூப்பர்வைசர் ஜெசிந்தா அக்கா, இலங்கை மன்னார்க்காரர்.

"உந்தப் பெட்டி என்னத்துக்கு?"

"ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேங்கா" என்று பொய் சொன்னேன்.

துணி தேய்க்கும் அயர்னர் மெஷினுக்குள் பெட்ஷீட் விட வேண்டும். பழக்கதோஷம், ஒவ்வொன்றிலும் கறை தேடினேன். ஷீட்கள் பின்னால் குவிந்தன.

"பிள்ளை, கறை பாக்கிறது நல்லதுதான். ஆனா மெஷின் உமக்காக நிக்காது."

நான்கு மணி நேரத்தில் முதுகு விட்டுப்போனது. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். ஃபார்மில் பழைய முகவரியை எழுதினேன். அக்கா அதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பவும் இங்கதானோ இருக்கிறீர்?"

இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. அழுதுவிட்டேன்.

அக்கா யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். "இங்க வேலை செய்யிற ராணிக்குத் தோள் பிடிச்சிட்டுது. மெல்பேர்ன்ல, டார்னெய்ட்டில தமக்கை வீட்ட போயிட்டா. அவவின்ட ரூம் சும்மா கிடக்குது. அவ வாற வரைக்கும் இரும்."

நான் நின்று வேலை பார்த்ததும் ராணி அக்காவின் இடம்தான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தும், அவர் திரும்பி வந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய கட்டிலில் நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாவது வாரம் அவர் திரும்பி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெஷினருகே வந்து, "தங்கச்சி, என்ர இடத்தில நிக்கிறது நீங்களோ?" என்றார். கோபமே இல்லை. தோள் இன்னும் சரியாகியிருக்கக் கூடாது என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு நினைப்பு எனக்குள் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஆமாக்கா" என்றேன். அன்று மத்தியானமே ஜெசிந்தா அக்காவிடம் போய், என் ஷிஃப்டில் பாதியை அவருக்குக் கொடுக்கச் சொன்னேன். ராணி அக்கா மடிக்கும் மேசைக்கு வந்தார். கையை உயர்த்தி மெஷினுக்குள் ஷீட் விடும் வேலை எனக்கு. வேறு வேலை கிடைக்கும்வரை அவருடைய அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தேன். ஒருநாளும் அவர் முகம் சுளிக்கவில்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிடைக்கிற வேலையை, அறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர் எங்கே போனார், திரும்பி வருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.