கார்புரேட்டருக்குள் வந்த தண்ணீர்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சந்தாபுராவில் ஒரு பெட்ரோல் பங்கில் நான் போட்ட சத்தம் அடுத்த பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும். எனக்கு வாய் நீளம். பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. ஆறு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. ஏறக்குறைய என் வயது அதற்கு. இதற்கு டர்போ மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கிறுக்கு பிடித்தது. இன்ஜின் வெளியே தள்ளும் சூட்டுப் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். டர்போ என்பது அவ்வளவுதான். என் வண்டியில் கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தேன். டர்போ அதன் வழியாக உறிஞ்சும். காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே போகும். பழைய காலத்து முறை. முடியாது என்று மூன்று மெக்கானிக்குகள் சொன்னார்கள். அதனாலேயே செய்தேன்.

சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் ஒரு டீசல் வண்டி டர்போ கிடைத்தது. முதலில் எண்ணெயை உறிஞ்சி நீலப் புகை விட்டது. உள்ளே இருந்த ஆயில் சீலை மாற்றினேன், புகை நின்றது. இன்டர்நெட்டில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்ட படத்தைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். அதில் கார்புரேட்டருக்குக் கீழே ரேடியேட்டர் வெந்நீர் சுற்றி ஓட ஒரு உறை இருந்தது. பனி பெய்கிற ஊர்க்காரன் போட்டது, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் மதிய வெயிலில் ஓட்டினேன். நன்றாகவே ஓடியது. அந்த ஞாயிறு காலை நல்ல பனிமூட்டம். ஓசூருக்குக் கிளம்பி, சந்தாபுராவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனேன். அத்திப்பள்ளி வருவதற்குள் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. கார்புரேட்டரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீர்த் துளிகள்! பத்து நிமிடம் கழித்து வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது. ஏன் ஆனது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நேராகப் பங்குக்குத் திரும்பினேன்.

போனில் வீடியோ எடுத்தபடியே இறங்கினேன். எனக்குப் பெட்ரோல் போட்டுவிட்ட பெண் அங்கேதான் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும்.

"பெட்ரோல் விக்கிறீங்களா, போர்வெல் தண்ணி விக்கிறீங்களா?" என்றேன்.

"அண்ணா, காலைல டேங்க்ல கம்பி வுட்டுப் பாக்கறது என் வேலைதான். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் காட்டினார். "பாருங்க, தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும்."

"பாட்டில் வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம்."

"காலைலேர்ந்து அம்பது வண்டி போட்டுச்சு. உங்க வண்டிய மட்டும் தேடிப் புடிச்சி வந்துச்சாண்ணா தண்ணி?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த வீடியோவை அங்கேயே நின்று எங்கள் பழைய கார் குரூப்பில் போட்டேன். அதைப் பார்த்து மேனேஜர் பயந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம், "கோட்டு பிச்சிடு, மனெகெ ஹோகு" என்று கன்னடத்தில் சொன்னார். பங்கு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண் அழவில்லை. "கழட்டறேன் சார். மொதல்ல அந்த வண்டிய நான் பாக்கணும்" என்றார்.

பங்குக்கு வெளியே டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டேன். எது சூடு, எதைத் தொடலாம் என்று கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கார்புரேட்டரையும் டர்போவையும் இணைக்கும் குழாயைக் காட்டினார்.

"இது மட்டும் ஏன்ணா வேர்க்குது?"

தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்தார். "இன்னாண்ணா இது, அடுப்புப் பக்கத்துல பிரிட்ஜ் வெச்சிருக்கீங்க!"

நான் குனிந்தேன். ஒரு சாண் தள்ளி டர்போ தகித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் குழாயிலோ வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஐஸ். பெங்களூரில், ஓடுகிற இன்ஜினில், ஐஸ்! நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திணறி நின்றது. அவர் டீக்கடையில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லென்று ஆகுமே, அதே கதைதான். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் இன்னும் அதிகமாக இழுக்கும். பனிக்காற்றில் இருக்கும் ஈரம் கார்புரேட்டர் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. வண்டி நின்றதும் இன்ஜின் சூட்டில் உருகித் தண்ணீராகிறது. நான் பார்த்த தண்ணீர் காற்றிலிருந்து வந்தது, பெட்ரோலிலிருந்து இல்லை. நான் வேண்டாம் என்று விட்ட அந்த வெந்நீர் உறை இதற்காகத்தான் இருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. மேனேஜரிடம் போய், "தப்பு என் வண்டியில, அந்தம்மா மேல இல்ல" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் கோட்டைக் கழற்றத் தேவையில்லாமல் போயிற்று. பிறகு அவர் பக்கம் திரும்பினேன்.

"சாரி எல்லாம் இருக்கட்டும்ணா. அந்த வீடியோ இன்னா பண்ணீங்க?"

அழித்தேன். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. ஐஸைக் காட்டி இரண்டாவது வீடியோ போட்டேன். ஏழெட்டுப் பேர் கட்டை விரல் போட்டார்கள், ஒருவரும் அதைப் பிறருக்கு அனுப்பவில்லை. முதல் வீடியோ அன்று சாயந்திரமே கோலார் தங்கவயலில் இருக்கும் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் பங்கு முதலாளிக்கும் போனது. அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்கப் பேசுகிறார்கள் என்று மேனேஜர் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை அதே பனியில் போய், முதலாளி முன்னால் இன்ஜினை ஓட விட்டு, ஐஸ் பிடித்து நிற்கும் வரை காத்திருந்தேன். கடவுளே, சீக்கிரம் நிற்கட்டும் என்று என் வண்டிக்காக நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நின்றது. முதலாளியும் தொட்டுப் பார்த்தார். வேலை பிழைத்தது.

பிறகு வெந்நீர் உறையைச் செய்து மாட்டிவிட்டேன். போன வாரம் அந்தப் பங்கில் நிறுத்தியபோது அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். குழாயைத் தொட்டார். "இப்ப கரெக்டா இருக்கு, போங்கண்ணா" என்றார், சிரிக்காமல்.

இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, வாயும் திறக்கிறது. அந்த முதல் வீடியோ யாரோ ஒருவருடைய போனில் இன்னும் இருக்கும், அதில் அந்தப் பெண் இன்னும் திருடியாகவே நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்புதான் சில நேரமாவது வாயை மூட வைக்கிறது.