ஆறு மூலிகைத் தண்ணீர்

முதலில் வந்தது வீக்கம். செருப்பு வார் பாதத்தில் பதிந்த தடம் சாயங்காலம்வரை மறையவில்லை. ஹைதராபாத் மெட்டுகுடாவில் எங்கள் சந்தில் எல்லோரும் "நடை போதல" என்று வைத்தியம் சொன்னார்கள். ஸ்கேன் வேறு சொன்னது. என் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப் போயிருந்தன.

டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கியதும் தண்ணீருக்கு அளவு வந்தது. சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். சரி, ஹைதராபாத் வெயிலில் ஒரு டம்ளரை நாள் முழுக்க எப்படிக் குடிப்பதாம்? யாராவது வாய் கொப்பளித்துத் துப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவி, துப்புகிறானே!

என் கணவர் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக இருந்தார். பரிசோதனைகளில் எல்லாம் பொருந்திவிட்டது. ஆபரேஷன்வரை தாக்குப்பிடித்தால் போதும், அப்புறம் வயிறு முட்டக் குடிக்கலாம் என்று நாளை ஓட்டினேன்.

நான் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் ஆயுர்வேத நூல் ஒன்றின் தமிழ் உரையைப் புரட்டினார். காய்ச்சலில் வரும் தாகத்துக்கு ஷடங்க பானீயம் (ஆறு மூலிகைக் குடிநீர்) என்று போட்டிருந்தது. கோரைக்கிழங்கு, பற்பாடகம், வெட்டிவேர், சந்தனம், குறுவேர், சுக்கு. பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துக் குடிக்க வேண்டும்.

"தண்ணிக்கு அளவு சொல்லியிருக்காங்களே?" என்றேன்.

"இது மருந்துடி. ஏகாதசிக்குப் பச்சத்தண்ணி தொடமாட்டே, கஷாயம் குடிப்பேல்ல? விரதமே கெடல. இது மட்டும் கணக்குல வருமா?"

"ஹவ் (ஆமாம்), வராதுதான்," என்றேன். எங்கள் வீட்டில் மருந்து என்றைக்குமே தண்ணீரில் சேர்த்தி இல்லை. வெட்டிவேர் மணத்தோடு அது தொண்டையில் இறங்கியபோது அழுதேவிட்டேன். சொம்பு சொம்பாகக் குடித்தேன்.

அந்த வாரமே மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. அவசரப் பிரிவில் டாக்டரம்மா கேட்டார்: "தண்ணி எவ்வளவு குடிச்சாங்க?"

"ஒரு டம்ளர்தான்," என்றார் கணவர். பொய் சொல்லவில்லை. "கஷாயம்தான் கொஞ்சம் கூட."

"கஷாயத்த எதுல காய்ச்சினீங்க சார்?"



நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இயந்திரத்தில் இழுத்து எடுத்தார்கள், பிழைத்தேன். ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருந்த இதயம் அதோடு உட்கார்ந்துவிட்டது. இனி ஆபரேஷனைத் தாங்காது என்றார்கள்.

மூலிகையைத் திட்டமாட்டேன். அது காய்ச்சல்காரருக்கு எழுதியது, நாங்கள் எனக்குப் போட்டுக்கொண்டோம். உங்களுக்கும் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால், மோர், ரசம், கஷாயம், கோயில் தீர்த்தம் எல்லாம் அதற்குள்தான். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேரும் வேண்டாம்.

என் கணவர் இப்போது சமையலறைக்குள் ஒளிந்து தண்ணீர் குடிக்கிறார். "என் எதிர்லயே குடிங்க, கைக்கு (எதுக்கு) இந்த நாடகம்?" என்று கத்துவேன். வரமாட்டார்.

எனக்குக் கிழமை காலண்டரில் இல்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் மெட்டி விரலில் சுழலும். பிறகு பிடிக்கும். பிறகு அசையாது, மறுபடி ஆஸ்பத்திரி. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது அவர் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, கையை வைத்துக்கொள்வேன். எனக்கென்று ஒதுக்கியது உள்ளே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.