காலைத் தூக்கிய ‘ர’

என் தம்பி மகன் வரைந்த எழுத்துகளைப் பார்த்த பிறகு எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூடப் பள்ளிக்குப் போக அழுததில்லை. சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். ஒரே ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது, அதுவும் மிட்டாய் வாங்கிக்கொண்டு.

அவன் விளம்பரப் பலகை செய்யும் கடையில் வேலை பார்ப்பவன். தூரிகையால் தாளில் வரைந்து, கணினியில் ஏற்றி, சொந்தமாக ஓர் எழுத்துரு உண்டாக்கினான். அதில் எதுவும் கோட்டில் ஒழுங்காக நிற்காது. ‘ம’வுக்கு வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரின் தொப்பை, ‘தி’யின் தலையில் அவன் அம்மாவின் கொண்டை, கொட்டாவி விடும் ‘ஓ’ அவன் அத்தை நானாம். ‘ர’ ஒற்றைக் காலைத் தூக்கி ஒரு துள்ளல் துள்ளும். வாழ்த்து அட்டைக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் கச்சிதம். வக்கீல் வாசலில் மாட்டினால் கட்சிக்காரர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

முதலில் அதை வாங்கியது ‘மரக்குதிரை’ என்ற பொம்மைக் கடை. பலகை ஏற்றிய அன்று கடைக்காரர் அவனை வந்திருந்தவர்கள் நடுவில் நிறுத்தி, எழுத்துகளுக்கு இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பாராட்டு தலைக்கேறிய மருமகப்பிள்ளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டான். கூட்டம் சிரித்தது. பிறகு ‘ர’வைக் காட்டினான்.

"இது எங்க அக்கா நடை."

அவன் அக்காவுக்கு இடது கால் சற்றுக் குட்டை. கையில் காபியோடு அங்கேதான் நின்றிருந்தாள். ஒரு வாண்டு பலகையைப் பார்த்து, அவளைப் பார்த்து, அப்படியே நடந்து காட்டியது. அதற்கும் சிலர் சிரித்தார்கள். அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியேறினாள். வாசல்வரை எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேலிக்காக வரைந்தவனில்லை. சின்ன வயதில் படிக்கட்டில் அந்தத் தாளம் கேட்டாலே, அக்கா வந்தாச்சு என்று குதித்தவன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளுக்கு எதிரே சாப்பிட உட்காரவே கூசினான். தெருவில் இறங்கினால், அதற்குள் அந்த எழுத்துருவை வாங்கியிருந்த பல் டாக்டர் வாசலிலும் பள்ளி வேனிலும் அந்தக் கால் தூக்கியபடியே நின்றது. குனிந்த தலை நிமிராமல் நடந்து, ஒருநாள் தபால் பெட்டியில் முட்டிக்கொண்டு, அதனிடமே மன்னிப்புக் கேட்டான்.

கடைசியில் இரண்டு காலும் சமமாக ஒரு புது ‘ர’ வரைந்தான். பொம்மைக் கடையில் தானே ஏணி போட்டுப் பழையதைக் கழற்றி அதைப் பொருத்தினான். ஆடுகிற கூட்டத்தின் நடுவே, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றது அது.

அக்கா மனம் ஆறிற்று, தம்பி தலை நிமிர்ந்தான் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காக்காரி கையை நிறுத்தினாள்.

"அப்படி எழுதாதீங்க அத்தை. அவன் ஏணியில ஏறினப்போ நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன். கூட்டத்துல வச்சுச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கல. அந்த ‘ர’ பிடிச்சிருந்தது. யாரைக் கேட்டு என் காலை நேராக்கினான்?"